மறுமொழி: ‘இன்ஃபர்மேஷன் லிட்டரசி’க்குத் தமிழ்ச்சொல் – ‘தகவல் தேர்திறன்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மாநாட்டுக்கு உரை முன்மொழிவு அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. பொழிப்பும் கற்றல் விளைவுகளும் எழுதி முடித்துவிட்டேன். தலைப்புதான் பாக்கி. தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களுக்கு நூலகத்தில் இதைக் கற்பித்த அனுபவத்தைச் சொல்லப் போகிறேன். ‘இதை’ என்று நான் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் சொல்லத் தெரியாததால்தான் அப்படி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன் லிட்டரசி’ என்கிறார்கள்: வேண்டிய தகவலைக் கண்டடைந்து, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறன். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத்தான் இந்த இழையையும் தொடங்கினேன்.

வந்த மறுமொழிகளை எல்லாம் படித்தேன். இழையில் ஐயா ஒருவர் எழுதியது இது:

> ‘தகவல் எழுத்தறிவு’ என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். புழங்கும் சொல்லைக் கலைக்காதீர்கள்.

ஐயா, புழக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் ‘இன்ஃபர்மேஷன் லிட்டரசி’ என்ற கருத்து, பிறந்த இடத்திலேயே நிற்கவில்லை. 1974இல் பால் சுர்கோவ்ஸ்கி அமெரிக்காவில் இந்தத் தொடரை முதலில் எழுதியபோது, தம் வேலைக்குத் தகவல் வளங்களைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர்களையே மனத்தில் வைத்திருந்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு, தகவல் தேவைப்படுகிறது என்று உணர்தல், அதைக் கண்டடைதல், மதிப்பிடுதல், பயன்படுத்துதல் என நான்கு வினைகளில் இதை விளக்கியது. 2018இல் பிரிட்டனின் நூலகர் சங்கமான சிலிப் தந்த வரையறையில், கிடைக்கும் தகவல் எதுவாயினும் அதைப் பற்றி ஆராய்ந்து சிந்தித்துச் சமநிலையோடு முடிவெடுக்கும் ஆற்றலே முன்னால் நிற்கிறது. தேடுவதில் தொடங்கிய கருத்து தீர்மானிப்பதற்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘எழுத்தறிவு’ என்னும் சொல்லில் இந்த நகர்வு தெரியவில்லை. எழுத்தை அறிந்தவர் அறிந்தவர்தான், அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் கேட்பதில்லை.

எனக்கு இன்னொரு மனத்தடையும் உண்டு. எதிர்ச்சொல் என்னவாகும்? ‘தகவல் எழுத்தறிவற்றவர்’. பட்டம் பெற்ற ஒருவரை வகுப்பில் உட்கார வைத்து இப்படி அழைக்க எனக்கு வாய் வராது. எழுதப் படிக்கத் தெரியாமல் போன மூத்தவர்களைப் பற்றி இப்படிப் பேசவும் மனம் ஒப்பவில்லை. வாழ்நாள் முழுவதும் யார் சொல்லை நம்பலாம், யார் சொல்லை நம்பக்கூடாது என்று எடைபோட்டே காலம் தள்ளியவர்கள் அவர்கள்.

பிற மொழிகளும் ஆங்கிலத்தை அப்படியே பின்பற்றிவிடவில்லை. ஸ்பானியர்கள் எழுத்தறிவிப்பு என்ற பொருளில் சொல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் தகவலை ஆளும் வல்லமை என்கிறார்கள், ஜெர்மனில் தகவல் தகுதிறன். தன் வேரிலிருந்து சொல் எடுக்கும் உரிமை தமிழுக்கும் உண்டு.

அடுத்தது ‘தகவல் அறிதிறன்’. நல்ல சொல்தான், நானே சில ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். ஆனால் ஸ்மார்ட்ஃபோனுக்கு ‘அறிதிறன்பேசி’ என்ற சொல் பரவிய பிறகு, அறிதிறன் என்றதும் கருவியின் சூட்டிகைதான் நினைவுக்கு வருகிறது. நமக்கு வேண்டியது மனிதரின் திறன். ‘தகவல் பகுத்தறிவு’ என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். பகுத்தறிவு ஒரு நூற்றாண்டு வரலாற்றைச் சுமந்து நிற்கும் சொல். வகுப்பில் அதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

என் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சென்ற பருவத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சித் தாள் கொடுத்தேன். கடைசிக் கேள்வி, ‘இந்தத் தகவல் உன் கட்டுரைக்குள் எப்படி வந்தது?’ ஒரு மாணவி பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘தேடினேன். எடுத்தேன். எழுதினேன்.’ மூன்று வினை, மூன்று முற்றுப்புள்ளி. மற்ற தாள்களிலும் ஏறக்குறைய இதுவே. அவள் எடுத்த பக்கத்தைத் திரையில் திறந்தோம். எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ‘எடுப்பதற்கு முன் என்ன செய்தாய்?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘வேறு எதையும் பார்க்கவில்லை’ என்றாள். தேடினேனுக்கும் எடுத்தேனுக்கும் நடுவே ஒரு வினை விடுபட்டிருக்கிறது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வினை எது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

‘தேர்ந்தேன்’ என்பதுதான் அது.

தேர் என்ற வினைக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல், ஒன்றில் வல்லமை பெறுதல் என்று பொருள் விரிகிறது. நமக்கு வேண்டிய மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன. குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒருவரை ஆராய்ந்து பார்த்துவிட்டு நம்புவது பற்றியது. அங்கே தெளிதல் என்றாலே நம்புதல். ‘தேரான் தெளிவு’, அதாவது ஆராயாமல் நம்புவது துன்பம் தரும் என்று அது சொல்கிறது. ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதையும் அதே குறள் அதே தட்டில் வைக்கிறது. என் வகுப்பில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். வந்ததை எல்லாம் நம்புகிறவர்கள் ஒரு பக்கம், ‘எல்லாமே பொய்தான்’ என்று கையை விரிப்பவர்கள் மறுபக்கம். இரண்டாமவர்களுக்குக் கற்பிப்பதுதான் கடினம். அவர்களையும் உள்ளடக்கும் வினை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆகவே என் பரிந்துரை: தகவல் தேர்திறன். உண்திறன், அறிதிறன் போல வினைத்தொகை. வினையாக்கிப் பார்த்தேன்: ‘தகவலைத் தேர்ந்து பயன்படுத்து’. இடறவில்லை. குறைவைச் சொல்லிப் பார்த்தேன்: ‘தேர்திறன் போதவில்லை’, ‘தேர்திறனை வளர்க்கலாம்’. யாரையும் அற்றவர் ஆக்கவில்லை. மாநாட்டுப் படிவத்திலும் இது கைகொடுக்கிறது. கற்றல் விளைவுகளில் ‘புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அதை எப்படி அளப்பது என்று கேட்பார். ‘இரண்டு மூலங்களை ஒப்பிட்டுத் தேர்வார்கள், தேர்ந்த காரணத்தை எழுதுவார்கள்’ என்றால் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்.

வரக்கூடிய மறுப்புகளையும் நானே சொல்லிவிடுகிறேன். தேர் என்றதும் திருவிழாத் தேர் நினைவுக்கு வரும் என்பீர்கள். தேர்வும் தேர்ச்சியும் தினமும் செய்தித்தாளில் வருகின்றன, அங்கே யாருக்கும் தேர்ச்சக்கரம் தோன்றுவதில்லை. ‘தகவல் தேர்ச்சி’ என்றே வைக்கலாமே என்றால், தேர்ச்சி இன்று மதிப்பெண்ணோடு ஒட்டிவிட்டது. அதுவும் ஒரு முறை பெற்றால் முடிந்துவிடும். இந்தத் திறனோ அடுத்த தகவல் வரும்போது மறுபடியும் வேலை செய்ய வேண்டும்.

உண்மையாகவே எனக்கு உறுத்தும் குறை ஒன்று உண்டு. தகவலை நேர்மையாகப் பயன்படுத்துவது, மூலத்தைச் சொல்வது, பிறர் உழைப்பை மதிப்பது ஆகியவையும் இந்தக் கல்விக்குள் அடங்கும். ‘தேர்’ அந்த இடத்தை நேரடியாகத் தொடவில்லை. வரையறையில் அதைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இதற்கு யாரிடமாவது மேலான சொல் இருந்தால் என் சொல்லை உடனே விட்டுவிடுவேன்.

யுனெஸ்கோ ஊடகத்தையும் தகவலையும் சேர்த்தே பேசுவதால் ‘ஊடக, தகவல் தேர்திறன்’ என்றும் நீட்டலாம். ஆனால் ஆங்கிலத்தில் லிட்டரசி ஒட்டிய இடத்தில் எல்லாம் தேர்திறனை ஒட்ட வேண்டாம். கணினி இயக்கத் தெரிவது வேறு, அதற்குக் ‘கணினிப் பயிற்சி’ போதும். நிதி விஷயத்தில் ‘நிதி அறிவு’ ஏற்கெனவே நன்றாகவே நிற்கிறது.



தலைப்பை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘தேடினேனுக்கும் எடுத்தேனுக்கும் நடுவே: தமிழ்வழி வகுப்பில் தகவல் தேர்திறன்’. பெயர் மறைத்த மதிப்பீடு என்பதால் கல்லூரிப் பெயரை எடுத்துவிட்டேன். ஐயாவும் மற்றவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் திருத்த நேரம் இருக்கும். ‘எழுத்தறிவு’தான் வேண்டும் என்பவர்கள், அந்த மாணவியின் மூன்று வினைகளுக்கு நடுவே எதை வைப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர்