எச்சரிக்கை வரிக்கும் கான்ரெஃபா?

கூர்முனை: மேனுவல் எழுத உதவும் டிட்டா முறைக்கு ஒரு பயிற்சி விளம்பரம் பார்த்தேன். எச்சரிக்கை வாசகங்களை ஒரே கோப்பில் வைத்து, கான்ரெஃப் என்ற இணைப்பைப் போட்டு எல்லா மேனுவலுக்கும் இழுத்துக்கொள்ளலாம், தப்பே வராது என்கிறார்கள். தப்பே வராதாம்! மோட்டார் டிரைவ் மேனுவலில் "மின்சாரத்தைத் துண்டித்து 5 நிமிடம் காத்திருக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிவதற்காக. பெரிய டிரைவுக்கு 15 நிமிடம்கூட ஆகும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் சின்ன மாடலுக்காக ஒருவர் அந்தப் பொதுக்கோப்பில் 15-ஐ 5 ஆக்கினார். அடுத்த பில்டில், அதாவது கோப்புகளிலிருந்து மேனுவல் தயாரித்தபோது, பெரிய டிரைவின் பிடிஎஃப்பிலும் 5. அதை நம்பி ஒரு டெக்னீஷியன் உள்ளே கை வைத்திருந்தால்?

மேப்ராஜா: சார், அது கான்ரெஃப் செய்த தப்பு இல்லை. 2010-இல் டிட்டா 1.2 வந்தபோதே கான்கீரெஃப் வந்துவிட்டது. டாபிக்கில், அதாவது ஒரு தலைப்புக்கான கோப்பில், கோப்பின் பெயருக்குப் பதில் கீ என்ற குறிப்பெயரை எழுதுவோம். அது எந்தக் கோப்பு என்பதை அந்தந்த மேனுவலின் மேப், அதாவது டாபிக்குகளை வரிசைப்படுத்தும் கோப்பு, முடிவு செய்யும். சின்ன டிரைவின் மேப் ஒரு கோப்பைக் காட்டும், பெரியதின் மேப் இன்னொன்றை.

கூர்முனை: ஆக, இரண்டு கோப்பு. விளம்பரம் சொன்னது ஒரே கோப்பு. 5 நிமிடம் எந்தக் கோப்பில் இருக்கும், தம்பி?

மேப்ராஜா: ஒரே கோப்பிலும் வைக்கலாம். இரண்டு வரிக்கும் எந்த மாடலுக்கு என்று காட்டும் ப்ராடக்ட் ஆட்ரிபியூட் போட்டு, டிட்டாவால் (DITAVAL) என்ற வடிகட்டிக் கோப்பை வைத்து வடிகட்டினால் போதும்.

கூர்முனை: பில்டில் டிட்டாவாலைக் கொடுக்க மறந்தால் 5, 15 இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகும். வாடிக்கையாளர் சீட்டு குலுக்கிப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பழையஏடு: மேனுவல் எழுத 1991-லேயே டாக்புக் என்ற முறை வந்துவிட்டது. ஐபிஎம் டிட்டாவை ஒயாசிஸ் என்ற தர அமைப்பிடம் கொடுத்ததே 2004-இல்தான். நேற்றுப் பிறந்ததை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம்!

மேப்ராஜா: 1991-இல் இருந்தது எஸ்ஜிஎம்எல் என்ற பழைய குறியீட்டு மொழியில் எழுதும் டாக்புக், ஐயா. டிட்டாவை எழுதும் எக்ஸ்எம்எல்லே 1998-இல்தான் வந்தது.

பழையஏடு: எஸ்ஜிஎம்எல்லின் பிள்ளைதான் எக்ஸ்எம்எல். அப்பனை மதிக்காதவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஒற்றைஹேஷ்: எக்ஸ்எம்எல்லில் இத்தனை ஆங்கிள் பிராக்கெட் (< >) எதற்கு? எளிய குறிகளில் எழுத மார்க்டவுன், பதிப்புகளைச் சேமிக்க கிட். வேலை முடிந்தது.

கூர்முனை: வந்துவிட்டார்! போன வருடமும் இதையேதான் சொன்னீர்கள். அட்டவணையில் இரண்டு கட்டத்தைச் சேர்ப்பது எப்படி என்று கேட்டதும் ஆளையே காணோம்.

அடிக்குறிப்பு: சரி, கூர்முனை சார், காப்பி பேஸ்ட் செய்தால் மட்டும் சரியாக வந்துவிடுமா?

கூர்முனை: வராது, மேடம். ஆனால் காப்பி பேஸ்ட்டில் தப்பு ஒரு மேனுவலோடு நிற்கும். கான்ரெஃபில் நாற்பதுக்கும் போகும்.

அடிக்குறிப்பு: திருத்தமும் ஒன்றோடு நிற்குமே? பாதுகாப்பு விதி மாறினால் மிச்சம் 39-இலும் பழைய வரிதான் கிடக்கும். எந்தெந்த மேனுவல் இந்த வரியை எடுத்துக்கொள்கிறது என்பதை, கோப்புகளை நிர்வகிக்கும் சிசிஎம்எஸ் மென்பொருள் ஒரு நொடியில் காட்டும். 15-ஐத் தொடுவதற்கு முன் அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கூர்முனை: சிசிஎம்எஸ் லைசென்ஸுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்களா? எங்களிடம் இருந்தது பில்ட் செய்யும் இலவச ஓபன் டூல்கிட்டும் ஒரு ஃபோல்டரும்தான். யாரும் பதில் சொல்லவில்லை. 5 நிமிடம் எந்தக் கோப்பில்?

மேப்ராஜா: எந்தக் கோப்பில் இருந்தாலும் சாருக்கு அது கிடைக்காது. கான்ரெஃபில் ஹேஷுக்கு (#) பிறகு டாபிக் ஐடி, சாய்கோடு, அப்புறம்தான் எலிமெண்ட் ஐடி, அதாவது அந்த வரியின் அடையாளப் பெயர். டாபிக் ஐடியை விட்டுவிட்டு "டூல்கிட்டில் பக்" என்று இங்கே கூச்சல் போட்டவர் யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

கூர்முனை: அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் ஸ்டைல்ஷீட் எழுதிய பிடிஎஃப்பில் எச்சரிக்கைப் பெட்டி இரண்டு பக்கத்தில் பாதி பாதியாகத் தொங்கியதே, அதைச் சொல்லவா?

பழையஏடு: 1991 பற்றி இன்னும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஒற்றைஹேஷ்: அட்டவணைக்கு பதில் இருக்கிறது. மார்க்டவுனுக்குள்ளேயே எச்டிஎம்எல் டேபிள் எழுதிக்கொள்ளலாம்.

கூர்முனை: ஆங்கிள் பிராக்கெட் போட்டா?

ஒற்றைஹேஷ்: அது வேறு, இது வேறு.