ரப்பர் படலத்தில் 1540: புரதமா, சோப்பா?

பால்மரம்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் பால், துத்தநாக ஆக்சைடும் கந்தகமும் சேர்த்து வேகவைத்த படலம். ஏஎஃப்எம்-ஐஆரில் (நுண் ஊசியால் மேற்பரப்பைத் தடவி, எந்த இடம் அகச்சிவப்பு லேசரை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) 1540 செ.மீ⁻¹ அலைஎண்ணில் வைத்துப் படம் எடுத்தால் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. புரதம் என்று எழுதலாமா அண்ணே? ஊசியும் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது.

ஊசிமுனை:
அவசரப்படாதீங்க தம்பி. புரதத்தின் பட்டை 1540-இல் வரும்தான், ஆனால் துத்தநாக ஸ்டியரேட் என்ற சோப்பும் அதே இடத்தில்தான் விழும். பாலில் உள்ள கொழுப்பு அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்தால் அந்தச் சோப்புதான். பொட்டின் மேல் ஊசியை நிறுத்தி 1350 முதல் 1800 வரை நிறமாலை எடுங்க. 1400 அருகே துணைப் பட்டை எழுந்தால் சோப்பு. புரதமென்றால் 1650-உம் சேர்ந்து உயரணும். ஆனால் ரப்பரின் இரட்டைப் பிணைப்பு 1660-இல் இருப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. வேகவைக்காத படலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

ஊசி ஒட்டாமலிருக்க டேப்பிங் முறைக்கு (ஊசி உரசாமல் தட்டித் தட்டிப் போகும் முறை) மாறுங்க. லேசர் சக்தியைக் குறைவிலிருந்து ஏற்றுங்க. ரப்பர் சூட்டில் இளகினால் உருவப்படமே மாறிவிடும்.

குளிர்வெட்டு:
வெட்டும்போது -100°Cக்குக் கீழே போங்க, தடிப்பு 200–300 நானோமீட்டர், சிலிக்கான் மேல். நீரில் மிதக்கவிட்டு எடுத்தால் கரையும் புரதம் போய்விடும், உலர்வாகவே எடுங்க. ஜெல் பெட்டியில் வைத்த ஊசி வேண்டவே வேண்டாம், அந்த ஜெல்லின் சிலிக்கோன் (சிலிக்கான் அல்ல) ஊசியில் ஏறி 1260-இல் எங்கு பார்த்தாலும் பட்டை வரும். வெறும் சிலிக்கானில் முதலில் ஒரு நிறமாலை எடுத்தால் குட்டு வெளிப்படும்.

பால்மரம்:
1400 பட்டை நிமிர்ந்து நிற்கிறது அண்ணே. சோப்புதான்.