எஸ்.சி.ஐ. ஷாம்பு ஆறியதும் வெள்ளையாக இறுகுவது ஏன்?

நுரைப்பித்தன்:
சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் (எஸ்.சி.ஐ., நுரை தரும் பொடி) 15%, பிரிசர்வேட்டிவாக (கெடாமல் காக்க) சோடியம் பென்சோயேட் 0.5%, மீதி கிளிசரினும் தண்ணீரும். 75 டிகிரியில் தெளிவாகக் கரைகிறது. மறுநாள் வெண்ணெய் மாதிரி இறுகி, அடியில் துகள் படிகிறது. உப்பு போட்டேன், இன்னும் மோசம். பிஎச் 4.8. சூட்டில் கெட்டுவிட்டதா?

கரைசல்காரர்:
கெடவில்லை, படிகமாகியிருக்கிறது. எஸ்.சி.ஐ. சுடுநீரில் கரையும்; அறைச்சூட்டு நீரில் கரைவது சொற்பம். உப்பிலுள்ள சோடியம் அந்தச் சொற்பத்தையும் குறைத்துவிடும், அதனால்தான் மோசமானது.

தனியாக விடாமல் பீட்டெய்னோடு (துணை நுரைப்பொருள், திரவம்) சேருங்கள். 100 கிராமுக்கு: எஸ்.சி.ஐ. 5, கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன் (30% வீரியமுள்ளது) 20, கிளிசரின் 3, பிரிசர்வேட்டிவ் 1, தண்ணீர் 71. முதலில் பொடியையும் பீட்டெய்னையும் மட்டும் குழைத்து, மூடி, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் 70–75 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். கட்டி தட்டுப்படாத பசையானதும் சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கரண்டியால் கிளறினால் போதும், பிளெண்டர் போட்டால் பாத்திரம் முழுக்க நுரைதான். இப்படிச் செய்தாலும் கண்ணாடித் தெளிவு வராது, முத்து மினுமினுப்போடு நிற்கும். தெளிவுதான் முக்கியம் என்றால் சோடியம் லாராயில் மீத்தைல் ஐசெத்தியோனேட்டுக்கு மாறுங்கள், அது குளிர்ந்த நீரிலும் கரையும்.

பொடியை நிறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். தோலுக்குத்தான் இது மென்மை, மூச்சுக்குழாய்க்கு அல்ல.

பிஎச்_காவலர்:
4.8-ஐ யாரும் கவனிக்கவில்லையே! எஸ்.சி.ஐ. ஓர் எஸ்டர், அதாவது கொழுப்பு அமிலம் இன்னொரு மூலக்கூறோடு இணைந்த சேர்மம். 5-க்குக் கீழும் 8-க்கு மேலும் நீர் அதை மெல்ல உடைத்து, கொழுப்பு அமிலத்தைப் பிரித்துவிடும். நுரை குறையும், பிஎச் தானாக இன்னும் இறங்கும். 6-ஐ ஒட்டி வையுங்கள். ஆனால் அங்கே பென்சோயேட் வேலை செய்யாது, அதற்கு 5-க்குக் கீழே வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத ஜோடி. ஃபீனாக்சிஎத்தனால், எத்தில்ஹெக்சைல்கிளிசரின் கலவையை 1% எடுத்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறியபின் சேருங்கள்.

நுரைப்பித்தன்:
நன்றி. இருக்கும் 100 கிராம் பேட்சைக் காப்பாற்ற முடியுமா?

கரைசல்காரர்:
ஒரு நாள்தானே ஆகிறது, முடியும். 60 கிராம் பீட்டெய்ன், 137 தண்ணீர், 3 பிரிசர்வேட்டிவ் சேர்த்து 300 ஆக்குங்கள். ஆனால் சூடாக்குவதற்கு முன்பே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விட்டு பிஎச்சை 6-க்குக் கொண்டுவாருங்கள். அமிலமும் சூடும் சேர்ந்தால் எஸ்டர் வேகமாக உடையும்.