பொருள்: இல்லாத இசையின் வரலாற்றுக்கு ஒரு சொல் வேண்டும்

மலேசியாவின் பிறை நகரிலிருந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். எங்கள் மாணவர்கள் தாங்களே உருவாக்கிய கணினி விளையாட்டுகளை வெள்ளிக்கிழமை கண்காட்சியில் வைக்கிறோம். விளையாட்டில் ஒலிக்கும் இசைக்கு உலகில் எங்குமில்லாத ஒரு வகைப்பெயரைச் சூட்டி, அதற்கு நம்பவே முடியாத ஒரு வரலாற்றையும் எழுதச் சொல்லியிருந்தேன். 1786இல் பினாங்கில் இறங்கிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட், காட்டை விரைவாக வெட்டவைப்பதற்காக வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் இட்டுச் சுட்டார் என்று இங்கே ஒரு கதை வழங்குகிறதல்லவா? அந்தக் காசுகள் மரங்களில் பட்டுத் தெறித்த ஓசையிலிருந்துதான் 'சில்லறை இசை' பிறந்தது என்றும், விளையாட்டில் காசை எடுக்கும்போதெல்லாம் 'டிங்' என்று கேட்பது அதன் எச்சமே என்றும் ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். பதாகையில் மலாய்த் தலைப்பு 'செஜாரா ரெக்கான்' (கற்பனை வரலாறு) என்று அமைந்துவிட்டது. தமிழுக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. புதன் மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

'புனைவரலாறு' போதும். புனைந்த, புனைகின்ற, புனையும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் விளையாட்டில், கைவிடப்பட்ட தேவாலயத்தில் நடனக்கூடம் அமைக்க முயலும் இளைஞர்கள் 'அனோடிக்' என்னும் இல்லாத இசைவகையைக் கொண்டாடுவார்கள். அதற்கும் இச்சொல் பொருந்தும். அச்சகத்தாரிடம் மட்டும் எழுத்துப்பிழையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலெழுத்து நெடிலானால் 'பூனைவரலாறு' ஆகிவிடும்.

செந்தூலிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வரலாறு என்பது வரல், ஆறு என்று பிரியும். வந்த வழி என்று பொருள். வராத ஒன்றுக்கு வந்த வழி எப்படி இருக்க முடியும்? 'வாரா' என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தோடு 'ஆறு' புணர, வகர உடம்படுமெய் தோன்றி 'வாராவாறு' என அமையும். இது தூய தமிழ், இலக்கணமும் பிழையாது. அனோடு என்றால் நேர்மின்வாய்; அனோடிக்கை 'நேர்மின்வாய் இசை' என்று தமிழாக்கியிருந்தால் நண்பரின் மடலும் தூய்மையாக இருந்திருக்கும்.

பிறை ஆசிரியை:

ஐயா, மன்னிக்கவும். 'வாராவாறு' என்று பதாகையில் போட்டால், டிங்கிக் காய்ச்சல் வாராவாறு காப்பது எப்படி என்ற அறிவிப்பு என்றே பெற்றோர் நினைப்பார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து, விரிவுரையாளர்:

இதற்கான வேறுபாட்டைத் தொல்காப்பியர் செய்யுளியலிலேயே காட்டிவிட்டார். உரைநடையை நான்காகப் பகுக்கும்போது பொய்ம்மொழியைத் தனியாகவும், 'பொருளொடு புணர்ந்த நகைமொழி'யைத் தனியாகவும் வைக்கிறார். மாணவியின் சில்லறை இசை ஏமாற்றுவதற்காகச் சொன்ன பொய்யன்று. பீரங்கிக் கதையை அறிந்தவரும் விளையாட்டில் காசு பொறுக்கியவரும் சேர்ந்து சிரிப்பதற்காகவே அது புனையப்பட்டது. 'புனைவரலாறு' என்ற சொல் அந்தச் சிரிப்பை விட்டுவிடுகிறது. வரலாற்றுப் புதினத்தையும் அப்படிச் சொல்லலாமே. ஆகவே 'நகைவரலாறு' என்கிறேன். முச்சங்கங்களும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் இருந்தன என்று இறையனார் களவியல் உரை கூறுவதையும், அங்கே முதுநாரை, முதுகுருகு என்று நாம் கண்ணால் காணாத நூல்கள் அடுக்கப்படுவதையும் இந்த வகையில் சேர்க்கலாமா என்று கேட்க ஆசைதான். செந்தூல் ஐயாவுக்கு அஞ்சி விட்டுவிடுகிறேன்.

செந்தூல் ஐயா:

அஞ்சியது நன்று.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

விரிவுரையாளர் சொல்வது சரிதான். ஆனால் ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் இத்தனை நகைக்கடைகளை வைத்துக்கொண்டு பினாங்குப் பிள்ளைகளிடம் 'நகைவரலாறு' என்றால், சங்கிலியும் வளையலும் எப்போது வந்தன என்றுதான் தேடுவார்கள்.

பிறை ஆசிரியை:

நேற்று அந்த மாணவியிடமே கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், "டீச்சர், இது புளுகுப் புராணம்" என்றாள். எனக்கு அதுவே பிடித்திருந்தது. ஆனால் தலைமையாசிரியர் 'புளுகு' வேண்டாம் என்றுவிட்டார், செந்தூல் ஐயா 'புராணம்' வடசொல் என்று தொலைபேசியிலேயே தடுத்துவிட்டார். மணி நான்கு ஆகிவிட்டது. எதிர்ப்பு குறைவாக இருப்பதால் 'புனைவரலாறு' என்றே அனுப்பிவிட்டேன். அவளுடைய விளையாட்டின் முதல் திரையில் மட்டும் 'புளுகுப் புராணம்' இருக்கும். அதை நான் திருத்தப்போவதில்லை.

ஜார்ஜ்டவுன் விரிவுரையாளர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திரையைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறேன்.

செந்தூல் ஐயா:

பதாகை அச்சேறியதில் எனக்கு வருத்தமில்லை. 'வாராவாறு' குறித்த விளக்கத்தின் இரண்டாம் பகுதியை நாளைக் காலை அனுப்புகிறேன்.