கோச்சை நம்பும் தம்பி மருத்துவரிடம் வர மறுக்கிறான்

என் தம்பிக்கு வயது 29. கோவையில் மென்பொருள் வேலை. பதவி உயர்வுக்காக ஜனவரி முதல் இணையவழியில் ஒரு கோச்சிடம் (தொழில் வழிகாட்டிப் பயிற்சியாளர்) பயிற்சி எடுக்கிறான். இலக்கு வகுப்பது, நேர்காணலுக்குத் தயாராவது எல்லாவற்றிலும் நல்ல பலன்தான். ஆனால் மார்ச்சிலிருந்து தூக்கமில்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறான். அலுவலகக் கூட்டம் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன், இல்லை என்றான்.

கோச்சோ, "இது வெறும் மனத்தடை" என்று சொல்லி அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணம் கேட்கிறார். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் நெறிமுறையே, தேவைப்பட்டால் வேறு நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. இவருக்கு அது தெரியாதாம்!

குடும்ப மருத்துவர் தைராய்டு, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸ் 14416 எண்ணில் நானே பேசினேன். அங்கும் அதே ஆலோசனைதான். அம்மாவும் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "கோச் சொன்னால் போகிறேன்" என்கிறான்.

கோச்சிங்கை நிறுத்தச் சொல்லாமலே இப்படிப்பட்ட ஒருவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர்கள், என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்?