தவளைத் தொட்டியில் கசிவு: எந்தச் சிலிக்கன் வாங்குவது?

கேள்வி
வெள்ளவத்தையில் இருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் ஆபிரிக்கக் குள்ளத் தவளைகள் நான்கு இருக்கின்றன. பின்பக்கக் கீழ் மூலையில் நீர் கசிகிறது. நாளொன்றுக்கு ஒரு சென்ரிமீற்றர் இறங்குகிறது. ஹாட்வெயாரில் இரண்டு ரியூப் காட்டினார்கள். ஒன்று வினாகிரி மணமுள்ள சாதாரண சிலிக்கன். மற்றது மணமில்லாத நியூட்ரல் வகை, குளியலறைக்கானது, பூஞ்சணம் பிடிக்காதாம், விலையும் கூட. தவளைக்கு எது ஆபத்தில்லாதது? கசிகிற இடத்தில் வெளியே பூசினால் போதுமா?

பதில் 1
குளியலறை ரியூப் வேண்டவே வேண்டாம். பூஞ்சணம் பிடிக்காது என்றால் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கிறது என்று அர்த்தம். சிலிக்கன் காய்ந்த பிறகும் அந்த மருந்து சிறிது சிறிதாக வெளியே வரும். அப்படி வந்தால்தான் அது வேலை செய்யும். தொட்டிக்குள் அது போகும் இடம் தவளை இருக்கும் நீர். தவளை தனக்கு வேண்டிய நீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. நீரில் கரைந்ததும் அந்த வழியாகவே உடம்புக்குள் போய்விடும். மீனுக்குச் செதிலாவது இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை. கொழும்பு ஈரக்காற்றில் குளியலறை மூட்டுகள் சீக்கிரம் கறுத்துப்போவதால் கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் இதை எடுத்துத் தருவார். ஆகவே எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

வினாகிரி மணம், காயும்போது வெளியேறும் அசற்றிக் அமிலத்துடையது. முழுதாகக் காய்ந்ததும் போய்விடும். ஆனால் மணத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்: அந்த மணமுள்ள ரியூப்களிலும் பூஞ்சணக் கொல்லி கலந்தவை உண்டு. உறையில் '100% சிலிக்கன்' என்றும், மீன்தொட்டிக்கு ஏற்றது என்றும் இருக்க வேண்டும். 'ஆன்டி ஃபங்கஸ்', 'சானிட்டரி', 'கிச்சன் அன்ட் பாத்' என்ற சொற்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். வெக்கையில் கிடந்த பழைய ரியூப் எத்தனை நாளானாலும் ஒட்டும் பதத்திலேயே நின்றுவிடும். முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் கோடு போட்டு, மறுநாள் ரப்பர் போல் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டியில் கை வையுங்கள்.

பதில் 2
வெளியே பூசினால் நிற்காது. நீர் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வெளிப்பூச்சை உரித்துக்கொண்டு வரும். நீர் உள்ளே நுழைகிற வாயை அடைக்க வேண்டும், அது வேறெங்கோ இருக்கலாம். பில்டரை நிறுத்தி, தவளைகளை மாற்றிவிட்டு, நீரைத் தானாக இறங்க விடுங்கள். மட்டம் எந்த உயரத்தில் நிற்கிறதோ, வாய் அந்த உயரத்தில்தான். அடிவரை இறங்கினால் அடி மூட்டில்.

பிறகு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சிலிக்கன் படையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அதில் நீளமாகக் குமிழ்களோ வெள்ளைப் பட்டையோ ஓடினால் மூட்டே விட்டிருக்கிறது. அப்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் உள்மூலைப் பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும்.

காய்ந்த சிலிக்கனில் புதுச் சிலிக்கன் பிடிக்காது. பெரும்பாலான திருத்தங்கள் தோற்பது இதனால்தான். கசியும் மூலையில் மட்டும் சுரண்டினால் பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் திரும்பவும் கசியும். ஆகவே உட்பூச்சு முழுவதையும் பிளேட்டால் எடுங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே மட்டும் பிளேட்டை விடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத படலம் போக ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் இரண்டு முறை துடையுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சரிவராது, அதில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருப்பது வழக்கம். மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலம் விடும். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

மூலையிலிருந்து இரு பக்கமும் 8 மில்லிமீற்றர் விட்டு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். உங்கள் தொட்டியில் அடியில் ஆறடி, நிமிர்ந்த மூலைகளில் நாலடி, மொத்தம் பத்தடி மூட்டு. அதற்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் போகும், ஆகவே 300 மில்லிலீற்றர் ரியூப் ஒன்று தாராளம். நுனியைச் சரிவாக வெட்டி, இடைவிடாமல் ஒரே ஓட்டமாகப் போட்டு, கையுறை போட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, உடனே ரேப்பை உரியுங்கள். பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டத் தொடங்கும். அதன்பின் உரித்தால் ஓரம் கிழிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. பழைய சோனகத் தெருவில் மீன்தொட்டி சிலிக்கன் தேடிப் பார்க்கிறேன். எத்தனை நாள் காய விட வேண்டும்? அவசரத்துக்கு எபொக்சி வைத்தால்?

பதில் 2
எபொக்சி விறைப்பாக இறுகும். நீர் நிரம்பும்போது கண்ணாடி கொஞ்சம் வளைகிறது, எபொக்சி வளையாது. வழவழப்பான கண்ணாடியிலிருந்து அது விட்டுவிடும்.

சிலிக்கன் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. இங்கே ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மூலையில் தடிப்பு அதிகம், மேலிருந்து உள்நோக்கி மெதுவாகத்தான் காயும். ஏழு நாள் விடுங்கள். மூக்கை மூலைக்குக் கிட்டக் கொண்டுபோனால் வினாகிரி மணம் சற்றும் வரக்கூடாது. வந்தால் இன்னும் சில நாள். பிறகு தொட்டியைச் சமதரையில், காய்ந்த பத்திரிகைத்தாள் விரித்து அதன்மேல் வைத்து, பாதி நிரப்பி ஒரு நாள், முழுதாக நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். தாள் நனையாவிட்டால் சரி. அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

பதில் 3
அந்த ஒரு வாரமும் தவளைகளை வேறு அறையில் வையுங்கள், அமில ஆவி அவற்றுக்கு ஆகாது. மூடியில் துளையிட்ட பெரிய பிளாஸ்ரிக் பெட்டி போதும். மூடாமல் விட்டால் பாய்ந்துவிடும். குழாய்நீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். பில்டர் பஞ்சைக் கழுவிக் காய வைக்காதீர்கள்: பழைய தொட்டி நீரிலேயே போட்டுக் காற்றுக்கல் (பம்பிலிருந்து காற்றுக்குமிழ் விடும் கல்) ஓட விடுங்கள். தவளைக் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நீக்குவது அதிலுள்ள பக்ரீரியாதான். அது செத்தால், திருத்திய தொட்டியில் அமோனியா ஏறித் தவளைகள் வாடும், பழி சிலிக்கன் மேல் விழும்.