வீடு முழுக்கப் பழைய தண்ணீர் பைப் மாற்றுவது: சுவரை வெட்டாமல் முடியுமா? (அவசரம்)

பெரியபட்டினம்_தம்பி | வெள்ளி இரவு 11.52

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தண்ணீர் சரியாக வரவில்லை. மாடி பாத்ரூமில் நூல் மாதிரி விழுகிறது, ஒரு வாளி நிறைய இருபது நிமிடம் ஆகிறது. பிளம்பர் பார்த்துவிட்டு வீடு முழுக்க பைப் மாற்ற வேண்டும், எல்லாச் சுவரையும் வெட்ட வேண்டும் என்கிறார். பத்து நாள் வேலையாம். நான் லீவில் வந்திருக்கிறேன், இன்னும் 24 நாள்தான். நடுவில் தங்கச்சி நிக்காஹ் வேறு. போன வருடம்தான் பெயின்ட் அடித்தோம். எந்த பைப் போடலாம்? வெட்டாமல் வழி இருக்கிறதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

உச்சிப்புளி ராசு | சனி காலை 5.40

தம்பி, இப்போது உள்ளே கிடப்பது என்ன பைப்? துத்தநாகம் பூசிய இரும்பு ஜிஐயா, பிவிசியா? வீடு கட்டி எத்தனை வருடம்? போர்த் தண்ணீரா, காவிரித் தண்ணீரா? மாடியில் மட்டும் இப்படியா, கீழேயும் இப்படியா? டேங்க் மாடி பாத்ரூமுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்ல?

தேவிபட்டினம்78 | சனி காலை 7.15

உப்பு அடைப்புதான், வேறொன்றுமில்லை. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் கெட்டிலைக் கொதிக்க வைத்துப் பாருங்கள், அடியில் வெள்ளை ஓடு கட்டும். பைப்புக்குள்ளும் அதுதான். டேங்க்கை மூடிவிட்டு லைனுக்குள் பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுத் திறந்துவிடுங்கள். 200 ரூபாயில் வேலை முடிந்தது. பிளம்பர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பைப்புசாமி | சனி காலை 8.02

ஆசிட் ஊற்றுங்கள், நன்றாக ஊற்றுங்கள். உப்போடு சேர்ந்து துத்தநாகப் பூச்சு போகும், அப்புறம் இரும்பும் போகும், கடைசியில் சுவருக்குள்ளேயே ஊற்று கிளம்பும். துருவேறிய பழைய பைப்பை அந்தத் துருதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி கேட்டவருக்கு: ஆஸ்பத்திரிக்குப் போய் "வலிக்கிறது, சீக்கிரம் மருந்து கொடுங்கள்" என்றால் டாக்டர் என்ன செய்வார்? எங்கே வலிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். ராசு கேட்டதற்கெல்லாம் பதில் போடுங்கள், பிறகு பேசலாம். இந்தத் தொழிலில் 31 வருடம் இருக்கிறேன்.

பெரியபட்டினம்_தம்பி | சனி காலை 10.30

மன்னிக்கவும், அவசரத்தில் போட்டுவிட்டேன். ஜிஐ பைப். வாப்பா 1989இல் கட்டிய வீடு. கீழே பரவாயில்லை.

உச்சிப்புளி ராசு | சனி காலை 10.41

தண்ணீர் எதிலிருந்து தம்பி? மூன்றாவது கேள்வி அதுதானே.

பாம்பன்காத்து | சனி காலை 11.20

தண்ணீரை விடுங்கள், காற்றுதான் காரணம். கடலிலிருந்து எத்தனை மீட்டர்? எங்கள் பக்கம் சைக்கிள் செயின் ஒரு வருடம் தாங்காது. உலகத்திலேயே மியாமிக்கு அடுத்தபடி இரும்பைத் தின்னும் காற்று பாம்பன் காற்றுதான். ஜிஐ போட்டதே தப்பு.

மஸ்கட்_ரிட்டர்ன் | சனி மதியம் 12.05

சிபிவிசி, யுபிவிசி என்று பிளாஸ்டிக் பைப் பெயர்களை ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பிபிஆர் பிளாஸ்டிக் போடுங்கள். அங்கே நான் பார்த்த கட்டடமெல்லாம் பச்சை பைப்தான். பசையே கிடையாது. மெஷினில் சூடாக்கி ஒட்டினால் பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே உடம்பாகிவிடும். லீக் என்ற பேச்சே இல்லை.

பைப்புசாமி | சனி மதியம் 12.30

பிபிஆர் நல்ல பைப்தான், யார் இல்லை என்றது? அந்த மெஷினைப் பிடிக்கத் தெரிந்தவர் பெரியபட்டினத்தில் எத்தனை பேர்? கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கி அழுத்தினால் உள்ளே உருகிய பிளாஸ்டிக் வளையமாகத் திரண்டு பாதி வழியை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாளை ஒரு எல்போ உடைந்தால் மாற்று எல்போ வாங்க ராமநாதபுரம் போக வேண்டும். மஸ்கட்டிலா வீடு இருக்கிறது?

ஏர்வாடி லாத்தா | சனி மதியம் 2.48

தம்பி, பைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு எர்த் வயர் எங்கே போய் முடிகிறது? 89இல் கட்டிய வீடு என்றால் தண்ணீர் பைப்பிலேயே கிளாம்ப் போட்டுக் கட்டியிருக்க வாய்ப்பு இருக்கிறது. இரும்பு பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டால் எர்த் இல்லாமல் போய்விடும். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆயிற்று, ஃபிரிட்ஜைத் தொட முடியவில்லை. எலக்ட்ரீசியனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்78 | சனி மதியம் 3.10

@பாம்பன்காத்து மியாமிக்கு அடுத்தபடி என்று யார் அளந்தது? எல்லோரும் சொல்கிறார்கள், ஒருவரும் அளந்த கணக்கைக் காட்டுவதில்லை. பாம்பன் ரயில் பாலம் 1914இலிருந்து அதே காற்றில், அதுவும் கடலுக்கு மேலேயே நின்றது. இரும்புதானே? வீட்டுக்குள் சிமென்ட் பூசி மூடிய பைப்பை மட்டும் காற்று தேடி வந்து தின்னுமா?

பாம்பன்காத்து | சனி மதியம் 3.32

நின்றது, சரி. 2022 டிசம்பரில் ரயிலை ஏன் நிறுத்தினார்கள்? துருவுக்குப் பயந்துதானே? புதுப் பாலம் 2025இல் திறந்த பிறகுதான் ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் போனது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கேம்ப்பில் துருவை ஆராய இடம் பிடித்து உட்கார்ந்ததே, காற்று வாங்கவா?

மஸ்கட்_ரிட்டர்ன் | சனி மதியம் 3.50

64 புயலில் அந்தப் பாலத்தின் கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போனபோது 46 நாளில் தூக்கி நிறுத்தினார்கள். இங்கே ஒரு வீட்டு பைப்புக்குப் பத்து நாள் கேட்கிறார்கள்.

பைப்புசாமி | சனி மாலை 4.15

பாலத்துக்கு வருடம் முழுக்க வர்ணம் அடிக்க ஆள் இருந்தது. பைப்புக்குள் இறங்கி வர்ணம் அடிக்கப் போவது யார்? இழை எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது பாருங்கள்.

பெரியபட்டினம்_தம்பி | சனி இரவு 9.05

இன்று பிளம்பர் அடுப்படிக்குப் பின்னால் ஒரு துண்டு அறுத்து எடுத்தார். வெளியில் பார்த்தால் முக்கால் இஞ்ச் பைப், கனமாக இருக்கிறது. உள்ளே என் சுண்டுவிரல் நுழையவில்லை, பென்சில்தான் போனது. சுற்றிலும் காய்ந்த மண் மாதிரிச் செம்மண் நிறத்தில் கட்டி கட்டியாக. தட்டினால் உதிர்கிறது, அதற்குக் கீழே கறுப்பாக ஓர் அடுக்கு. புரி வெட்டிய இடம்தான் மோசம், கையால் முறித்தாலே உடைந்தது. உம்மா பார்த்துவிட்டு "இதிலா இத்தனை வருஷம் சோறாக்கினேன்" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

தண்ணீர் இரண்டும் இருக்கிறது. போர்த் தண்ணீர் மோட்டார் போட்டு மேல் டேங்க்குக்குப் போகிறது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் கீழ்த் தொட்டியில் பிடித்து, அதே மோட்டாரில் அதே டேங்க்குக்கு ஏற்றிக்கொள்வோம். போர் கொஞ்சம் உப்பு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டர் 2,800 காட்டியது. கடல் நடந்துபோகிற தூரம்தான்.

லாத்தா, எர்த் எங்கே என்று தெரியவில்லை. பாத்ரூம் குழாயைத் தொட்டால் சில நேரம் சுருக்கென்கிறது என்று உம்மா ரொம்ப நாளாகச் சொல்வார்கள். அது வேறு பிரச்சினை, பைப் வேலை முடியட்டும், பார்க்கிறேன்.

உச்சிப்புளி ராசு | சனி இரவு 9.30

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாலம் வரைக்கும் போயிருக்க மாட்டார்கள் தம்பி.

குடிநீருக்கு டிடிஎஸ் 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரக் கணக்கு. உங்கள் போர் அதையும் தாண்டிவிட்டது. அதைக் காவிரித் தண்ணீரோடு ஒரே டேங்க்கில் கலக்கிறீர்கள். நல்ல தண்ணீரையும் உப்பாக்கிக்கொள்கிறீர்கள், பைப்பையும் கெடுத்துக்கொள்கிறீர்கள். பைப் மாற்றுகிற கையோடு லைனை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காவிரிக்கு 500 லிட்டரில் தனி டேங்க், அடுப்படிக்கும் வாஷ்பேசினுக்கும் மட்டும் தனி லைன். போர் கக்கூஸுக்கும் குளியலுக்கும். சுவர் வேலை நடக்கும்போது செய்தால் கூடுதல் செலவு பைப்பும் டேங்க்கும்தான். அப்புறம் செய்வோம் என்று விட்டால் எப்போதும் செய்ய மாட்டீர்கள், நான் விட்டு ஒன்பது வருடமாகிறது.

பைப்புசாமி | சனி இரவு 10.20

இப்போது பேசலாம்.

கடல் காற்றும் இல்லை, கெட்டில் உப்பும் இல்லை. உப்புத் தண்ணீர், பைப்புக்குள் பாதி நேரம் காற்று, அதுபோக வேலை நடந்த இடத்தில் புரி வெட்டியபோது துத்தநாகம் போய் வெறும் இரும்பு தெரிந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். புரியில் உடைந்தது என்று நீங்கள் எழுதியது அதனால்தான். துவாரம் பாதியானால் தண்ணீர் பாதியாகாது, பரப்பே கால்பங்காகிவிடும். கீழ்வீட்டுக் குழாய்க்கு உயரத்தின் அழுத்தம் இருப்பதால் எப்படியோ வருகிறது. மாடியில் டேங்க்குக்கும் ஷவருக்கும் ஆறேழு அடிதான் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பிளம்பர் சொன்னதில் பாதி சரி. வீடு முழுக்க மாற்றத்தான் வேண்டும். துண்டு துண்டாக மாற்றினால் மிச்சமிருக்கும் துரு உதிர்ந்து வந்து புதுக் குழாயில் உட்காரும். ஆனால் எல்லாச் சுவரையும் வெட்ட வேண்டியதில்லை. பழைய லைனை இரு முனையிலும் அடைத்துச் சுவருக்குள்ளேயே சாக விடுங்கள். மெயின் லைனை மொட்டை மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறக்கி, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு துளை போட்டு உள்ளே வாருங்கள். பாத்ரூமுக்குள் மட்டும் குழாய் வரை வெட்டினால் போதும்.

சிபிவிசி போடுங்கள். பச்சைத் தண்ணீர் லைன் மட்டும் யுபிவிசி போட்டாலும் தவறில்லை, கீசர் லைனுக்கு அது கூடாது. இரண்டையும் கலக்கும்போது கவனம்: அரை இஞ்ச் சிபிவிசியும் அரை இஞ்ச் யுபிவிசியும் வெளிச்சுற்று வேறு, ஒன்றின் எல்போ மற்றதில் உட்காராது. பசையும் வேறு வேறு. வாங்கும் பைப்பில் ஐஎஸ் 15778 என்று அச்சு இருக்கிறதா பாருங்கள்.

வெளிச்சுவரில் வெயில் படும். தண்ணீர் கலந்து அடிக்கிற பெயின்ட்டை இரண்டு கோட்டு அடித்துவிடுங்கள், எண்ணெய் பெயின்ட் வேண்டாம். பத்து மீட்டர் பைப் 30 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளும், அதனால் கிளாம்ப்பை நெரித்து இறுக்கக் கூடாது. கிளாம்ப்பும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு கிளாம்ப் போட்டால் சில வருடத்தில் பைப் இருக்கும், கிளாம்ப் இருக்காது. குழாய் மாட்டும் இடத்தில் பித்தளைப் புரி வைத்த எல்போ, டெஃப்லான் டேப். சணலும் வெள்ளை ஈயமும் சுற்றுகிறேன் என்று வந்தால் அனுப்பிவிடுங்கள், ஈயத்தைக் குடிக்க வேண்டாம்.

பசை காய ஒரு நாள் விட்டு, கை பம்ப்பில் அழுத்தம் ஏற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பூச விடுங்கள். இந்த ஒன்றைத்தான் அவசரத்தில் எல்லோரும் விடுவார்கள்.

தேவிபட்டினம்78 | சனி இரவு 10.44

இவ்வளவு தெரிந்தவர் காலையிலேயே எழுதியிருக்கலாமே. நான் சொன்ன ஆசிட் எங்கள் வீட்டில் வேலை செய்தது.

பைப்புசாமி | சனி இரவு 10.50

உங்கள் வீட்டில் எந்த வருடத்து பைப்?

தேவிபட்டினம்78 | சனி இரவு 10.58

பிவிசி.

மஸ்கட்_ரிட்டர்ன் | சனி இரவு 11.02

😂😂

உச்சிப்புளி ராசு | ஞாயிறு காலை 6.10

ஒன்று விட்டுப் போயிற்று. டேங்க்கிலிருந்து லைன் இறங்கும் இடத்தில் டேங்க் மட்டத்துக்கு மேலே ஒரு காற்றுக் குழாய் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது காற்று அடைத்துக்கொண்டு, புது பைப்பிலும் தண்ணீர் வரவில்லை என்று இங்கேயே வந்து எழுதுவீர்கள்.

வெட்டும்போது சுவர் என்ன கல் என்றும் பாருங்கள். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் அடுப்படிப் பக்கம் கடல் பாறைக்கல் வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதில் மெஷின் வைத்தால் கோடு விழாது, பொத்தல் விழும். உளிதான்.

ஏர்வாடி லாத்தா | ஞாயிறு காலை 9.25

தம்பி, குழாயில் சுருக்கென்கிறது என்று எழுதினீர்களே, அது வேறு பிரச்சினை இல்லை. ஏதோ ஒரு மெஷினில் கரன்ட் கசிந்து, எர்த் வழியாக பைப்புக்கு வந்து, பைப் துருப்பிடித்ததால் மண்ணுக்குள் இறங்க முடியாமல் நிற்கிறது. உம்மா ஈரக்கையோடு தொடுகிறார்கள். பைப் வேலைக்கு முன்னால் பாருங்கள், பின்னால் இல்லை. கல்யாண வீடு, பிள்ளைகள் வரும்.

பாம்பன்காத்து | ஞாயிறு காலை 9.40

மண்டபம் கேம்ப்பில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். மியாமிக் கணக்கை அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

உச்சிப்புளி ராசு | அடுத்த ஞாயிறு மாலை 6.30

தம்பி, என்ன ஆயிற்று?

ஏர்வாடி லாத்தா | அதற்கடுத்த புதன் காலை 10.15

எர்த் பார்த்தீர்களா தம்பி?

பெரியபட்டினம்_தம்பி | 23ஆம் நாள், இரவு 12.40

நாளை ஃபிளைட், சுருக்கமாக. வெளிச்சுவர் வழியாகவே சிபிவிசி போட்டாயிற்று, ஆறு நாள். காவிரிக்குத் தனி டேங்க் வைத்தோம். மாடியில் வாளி இரண்டு நிமிடத்தில் நிறைகிறது. சுவர் அடுப்படியில் மட்டும் பொத்தல், ராசு அண்ணன் சொன்னது போலவே.

லாத்தா, எலக்ட்ரீசியனை வேலைக்கு முன்னால் கூப்பிடவில்லை. நிக்காஹ் அன்று காலையில் வாஷிங் மெஷினைத் தொட்ட சின்னம்மாவுக்கு நன்றாக அடித்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கை உதறியதோடு போயிற்று. அன்றே ஆள் வந்தார். வெட்டிப் போட்ட பழைய பைப்போடு எர்த் கிளாம்ப்பும் கொல்லையில் கிடந்தது. புதிதாகக் குழி வெட்டிச் செம்புத் தகடு இறக்கி, கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பரும் வைத்துவிட்டோம். மெஷினையும் கழற்றிக் கொடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ்.

தொண்டிக்காரன் | 24ஆம் நாள், காலை 7.05

எனக்கும் இதே பிரச்சினைதான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

உச்சிப்புளி ராசு | 24ஆம் நாள், காலை 7.20

போரா, கிணறா தம்பி? எத்தனை அடி?